இறந்தவர் சொத்தின் மீது வழக்கு: நியாயமா, அநியாயமா?

ஒருவர் இறந்துவிட்டால் அவர்மேல் இருந்த கோபதாபங்களை மறந்துவிடுவது நம் மக்களின் நற்பண்பு. பேச்சுவார்த்தை இல்லாத வீடாயினும், சாவு என்று கேட்டால் சென்று தலைகாட்டி வருகிறோம். ஆகவே, இறந்துபோன ஒருவரால் நேர்ந்த சேதத்துக்கு ஈடு கேட்டு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது யாரோ வழக்குத் தொடுக்கிறார் என்று அறிந்தால், "செத்தவர் மேலுமா வழக்கு?" என்று நம் உள்ளம் பதறுகிறது.

அப்பதற்றம் இயல்பானதே. ஆயினும், தம்மீது யாதொரு தவறும் இன்றிப் பொருளை இழந்து நிற்பவரின் நிலையையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இவ்விரு பக்கங்களையும் சீர்தூக்கி, நம் நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது, அச்சட்டம் நியாயமானதுதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். தோட்டத்தில் வாழும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், இத்தகைய கடிதம் ஒன்று வீடு தேடி வரும் நாளில், படித்துப் பார்க்கும் மனநிலை எவருக்கும் இராது.

ஓர் எடுத்துக்காட்டு

பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தோட்டத்துக்கு வெளியே, சிறு பட்டணத்தை அடுத்த வீடமைப்புப் பகுதியில் மனைவி மக்களோடு குடியிருக்கிறார். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில், மழை பெய்து ஈரமாக இருந்த சாலை வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்புகிறார். வண்டி சறுக்கி, சாலையோரத்து மளிகைக் கடைக்குள் பாய்கிறது. கடையின் கதவும், கண்ணாடி அலமாரியும், குளிர்பதனப் பெட்டியும் நொறுங்குகின்றன. தொழிலாளி அவ்விடத்திலேயே உயிர் துறக்கிறார்.

கடைக்காரர் செல்வந்தர் அல்லர். தோட்டத்து மக்களுக்குச் சம்பள நாள் வரை கடன் கொடுத்து, அதில் கிடைக்கும் சிறு ஆதாயத்தில் பிழைப்பவர். அவருக்கு 4,200 வெள்ளி சேதம். இரு வாரங்கள் கடையைத் திறக்க முடியவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் ஒரு வழக்கறிஞர் மூலம் இறந்தவரின் மனைவிக்குக் கடிதம் அனுப்புகிறார். அண்டை வீட்டார் கொதித்தெழுகின்றனர். "வெந்த புண்ணில் வேல் பாய்ச்சலாமா?" என்கின்றனர். கடைக்காரரோ, "என் பிள்ளைகளும் சாப்பிட வேண்டாமா?" என்கிறார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வழக்கு யார்மீது, எதன்மீது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீரும்.

எஸ்டேட் என்பதன் பொருள்

எஸ்டேட் என்றால் நமக்கு ரப்பர் தோட்டமே நினைவுக்கு வரும். நீதிமன்றத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் வீடு, நிலம், வங்கிப் பணம், வாகனம், வரவேண்டிய சம்பள பாக்கி ஆகியவை அனைத்தும் சேர்ந்த சொத்துத் தொகுதியே அது. அவர் செலுத்தவேண்டிய கடன்களும் அத்தொகுதியோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. உயில் எழுதியிருந்தால் அதில் குறிக்கப்பட்டவரும், உயில் இல்லையேல் முறையாக நியமனம் பெற்ற நிருவாகியும் அச்சொத்தைத் திரட்டி, கடனைத் தீர்த்து, எஞ்சியதை வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும்.

ஆகவே, கடைக்காரர் வழக்குத் தொடுப்பது இறந்த மனிதர் மீதும் அன்று; அவர் மனைவி மீதும் அன்று. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதே ஆகும். கடிதத்தில் மனைவியின் பெயர் காணப்படுவது, அச்சொத்தைப் பராமரிப்பவர் என்ற முறையில் மட்டுமே. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இதில் அடங்கியிருக்கிறது.

சட்டம் மாறிய வரலாறு

"ஆள் போனால் வழக்கும் போயிற்று" என்பதே பழைய ஆங்கிலச் சட்டத்தின் கொள்கையாக இருந்தது. பிறருக்குத் தீங்கு செய்தவர் இறந்துவிட்டால், தீங்குற்றவர் பெரும்பாலும் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மோட்டார் வாகனங்கள் பெருகிய காலத்தில் இக்கொள்கையின் கொடுமை வெளிப்படையாகத் தெரிந்தது. கவனக்குறைவாக வாகனம் ஓட்டியவர் பிழைத்துக்கொண்டால் இழப்பீடு கிடைக்கும். அதே விபத்தில் அவரும் மாண்டுவிட்டால் ஒன்றும் கிடைக்காது. காயம்பட்டவரின் வலியும் உடைந்த பொருளின் விலையும் இரண்டிலும் ஒன்றே அல்லவா?

இக்குறையைப் போக்க 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதே வழியில், நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 8ஆம் பிரிவு அமைந்துள்ளது. ஒருவர் இறந்தாலும், அவர்மீது இருந்த வழக்குரிமை அவருடைய சொத்தின் மீது தொடர்ந்து நிற்கும் என்பது அதன் சாரம். மானநஷ்டம் போன்ற சில மட்டும் விலக்கு. சேதமும் மரணமும் ஒரே நேரத்தில் நிகழ்ந்திருந்தாலும் உரிமை அழிந்துவிடாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. நாம் மேலே கண்ட எடுத்துக்காட்டுக்கு இது நேராகப் பொருந்தும்.

இதே பிரிவில் மற்றொரு பக்கமும் உண்டு. இறந்தவருக்குப் பிறரிடமிருந்து வரவேண்டிய இழப்பீட்டையும் அவர் சொத்தின் சார்பில் கேட்டுப் பெறலாம். வேறொருவரின் லாரி மோதித் தொழிலாளி மாண்டிருந்தால், அவர் மோட்டார் சைக்கிளின் விலையை அவர் குடும்பம் கேட்பது எவ்விதம் நியாயமோ, அவ்விதமே அவரால் நொறுங்கிய கடைக்கு ஈடு கேட்பதும் நியாயம். வரவு நமக்கு, செலவு பிறருக்கு என்று சட்டம் வைத்தால் அது நடுநிலையாகாது.

தந்தை கடன் மகனுக்கா?

"அப்பன் பட்ட கடனை மகன் அடைத்தே தீரவேண்டும்" என்பது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் எண்ணம். மானமுள்ள பிள்ளை மனமுவந்து அவ்வாறு செய்தால் பாராட்டத்தக்கதே. ஆனால், மகன் தன் சொந்தச் சம்பளத்திலிருந்து அதனைக் கட்டவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது.

இதனைக் கணக்காகப் பார்ப்போம். நம் எடுத்துக்காட்டில் உள்ள தொழிலாளி வங்கியில் 6,000 வெள்ளி வைத்திருந்தார். சம்பள பாக்கி 1,500 வெள்ளி. உடைந்த மோட்டார் சைக்கிள் பழைய இரும்பாக 500 வெள்ளிக்குப் போயிற்று. ஆக மொத்தம் 8,000 வெள்ளி. ஈமச்சடங்குக்கும் சொத்து நிருவாகத்துக்கும் ஆன நியாயமான செலவு 3,000 வெள்ளி என்று கொள்வோம். அச்செலவு முதலில் கழிக்கப்படும். எஞ்சுவது 5,000 வெள்ளி. கடைக்காரரின் 4,200 வெள்ளிக் கோரிக்கை மெய்ப்பிக்கப்பட்டு, வேறு கடன்களும் இல்லையெனில், அத்தொகையைக் கொடுத்தபின் வாரிசுகளுக்கு 800 வெள்ளி மிஞ்சும்.

சேதம் 9,000 வெள்ளியாக இருந்தால்? கடைக்காரருக்கு 5,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காது. மீதி 4,000 வெள்ளியை மனைவியின் தாலிக்கொடியிலோ மகனின் சம்பளத்திலோ கேட்க அவருக்கு உரிமை இல்லை. அந்நட்டத்தை அவர்தாம் தாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊழியர் சேமநிதியின் நிலை வேறு. உறுப்பினரின் பெயரில் சேமநிதியில் உள்ள தொகையைக் கடனுக்காகப் பற்றிக்கொள்ள முடியாதென 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் காப்பளிக்கிறது. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் தம் மனைவியை முறைப்படி நியமனம் செய்திருந்தால், அத்தொகை நேரே மனைவியிடம் சேரும். அவ்வாறே, 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ வழங்கும் உதவித் தொகையையும் கடன்காரர் தொடமுடியாது. நம் எடுத்துக்காட்டில், வேலையிடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் விபத்து நேர்ந்ததால், அம்மனைவி சொக்சோ அலுவலகத்தில் சார்ந்தோர் உதவிக்கு உடனே மனுச் செய்தல் வேண்டும். அது தனி உரிமை. கடைக்காரரின் கோரிக்கையோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. முறையான அதிகாரம் பெறாமல் இறந்தவரின் பொருள்களை எடுத்து விற்பவரும் தம் கைவசமாக்கிக்கொள்பவரும், எடுத்த அளவுக்குத் தாமே பதில்சொல்லும் நிலை ஏற்படலாம். "அண்ணன் வண்டிதானே" என்று எண்ணித் தம்பி விற்றுச் செலவழிப்பது பின்னர் வம்பாக முடியும்.

விபத்துகள் அனைத்தும் குற்றமாகா

சேதம் நேர்ந்தது என்பதனால் மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. இறந்தவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்பதையும், அதனால்தான் சேதம் விளைந்தது என்பதையும் வழக்குத் தொடுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும்.

தேய்ந்து வழுவழுப்பான டயரோடு ஓட்டியது கவனக்குறைவு. மழையில் வளைவில் வேகமாகத் திரும்பியதும் கவனக்குறைவு. ஆனால், முன்பு எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர், ஓட்டிக்கொண்டிருக்கையில் திடீரென மாரடைப்பு வந்து நினைவிழந்தார் என்றால், அவர்மீது குறை காண இயலாது. புயற்காற்றில் மரக்கிளை முறிந்து தலையில் விழுந்து வண்டி தடம் மாறினாலும் அவ்வாறே. அத்தகைய நேரத்தில் இறந்தவரின் சொத்திலிருந்து ஈடு கேட்பது சட்டப்படியும் நிற்காது, நியாயமும் ஆகாது.

இழப்பை அடைந்தவர் பக்கமும் தவறு இருக்கலாம். கடைக்காரர் பெட்டிகளையும் மூட்டைகளையும் சாலை விளிம்பு வரை அடுக்கி வைத்திருந்தார் என்றால், அவருடைய தவற்றின் அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்க சிவில் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. தொகையும் உண்மையானதாக இருக்க வேண்டும். பத்தாண்டு பழகிய குளிர்பதனப் பெட்டி உடைந்ததற்குப் புதுப்பெட்டியின் முழு விலையையும் கேட்பது ஈடு அன்று, ஆதாயம். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்னும் போக்கை நீதிமன்றம் ஏற்பதில்லை.

இறந்தவர் வாய்திறக்க முடியாதே

இவ்வழக்குகளில் நாம் மிகவும் கருதத்தக்க குறை ஒன்று உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் வந்து, "நான் வேகமாக ஓட்டவில்லை, குறுக்கே மாடு பாய்ந்தது" என்று சொல்ல முடியாது. பிழைத்தவர் சொல்வது மட்டும் சபையில் ஏறும். மாண்டவர் சொல் மண்ணோடு போய்விடும். நம் மக்கள் இவ்வழக்கை அநியாயம் என்று கருதுவதற்கு இதுவே வலுவான காரணம்.

சட்டம் இதனைக் கருத்தில் கொள்ளாமல் இல்லை. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய தீங்குகளுக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. இறந்தவரின் சொத்தின் மீது தொடுக்கும் வழக்குக்கோ கெடு மிகக் குறுகியது. அவர் உயிரோடிருந்தபோதே வழக்கு நடந்துகொண்டிருந்தாலன்றி, சொத்துக்குரிய நிருவாகி அதிகாரப் பத்திரம் பெற்ற நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தொடுத்தாக வேண்டும் என்று அதே 8ஆம் பிரிவு வரையறுக்கிறது. சாட்சிகள் கலையுமுன் உண்மையை நிறுவவும், குடும்பம் சொத்தைப் பங்கிட்டு நிம்மதி அடையவும் இக்கெடு துணை செய்கிறது.

யாரும் நிருவாகப் பத்திரம் பெறவில்லை என்றால் இழப்பாளி காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கைச் சொத்தின் மீதே தொடுத்து, அதன் சார்பில் ஒருவரை நியமிக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆகவே, "பத்திரமே எடுக்காமல் இருந்துவிட்டால் வழக்கு வராது" என்று சிலர் கூறும் அறிவுரை பயனற்றது. மாறாக, முறைப்படி பத்திரம் பெற்று, கடன்காரர்களுக்கு அரசிதழிலும் நாளிதழிலும் குறைந்தது 2 மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பங்கிடும் நிருவாகிக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

காப்புறுதி என்னும் நடுவழி

நாம் கூறிய கணக்கில் கடைக்காரர் 4,200 வெள்ளி பெற்றால் குடும்பத்துக்கு 800 வெள்ளியே மிஞ்சுகிறது. நீதி நிறைவேறினாலும் மனம் நிறைவடையவில்லை. இக்குறையைத் தீர்ப்பது காப்புறுதி.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 கட்டாயமாக்கியிருப்பது, பிறருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியை மட்டுமே. பிறர் பொருளுக்கு நேரும் சேதம் அக்கட்டாயத்தில் அடங்காது. எனினும், வழக்கமாக விற்கப்படும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிப் பத்திரம் பொருட்சேதத்தையும் ஏற்றுக்கொள்கிறது. பத்திரத்துக்கு உரியவர் இறந்துவிட்டால், அவருடைய சொத்தை நிருவகிப்பவருக்கும் அப்பாதுகாப்பு தொடர்வது வழக்கம்.

அவ்வாறெனில், வழக்கு இறந்தவரின் சொத்தின் பெயரில் நடந்தாலும், பணம் கொடுப்பது காப்புறுதி நிறுவனமே. கடைக்காரருக்கு 4,200 வெள்ளியும் கிடைக்கும். குடும்பத்தின் 5,000 வெள்ளியும் குறையாது. பல வேளைகளில், காப்புறுதி நிறுவனத்தின் கதவைத் தட்டுவதற்கு அத்தகைய கோரிக்கையே வழியாக அமைகிறது. இதனை அறியாமல் கடைக்காரரைப் பகைப்பது இரு தரப்பாருக்கும் நட்டம். அதே வேளையில், காப்புறுதி காலாவதியாகியிருந்தாலோ, ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தாலோ இப்பாதுகாப்பு கைவிட்டுப் போகக்கூடும். ஆண்டுதோறும் கட்டவேண்டிய சிறு தொகையை மிச்சம் பிடிப்பதனால் விளையும் கேடு இதுவே.

நாம் காணும் முடிவு

இறந்தவரின் தவற்றால் சேதம் நேர்ந்திருக்குமானால், அவர் சொத்திலிருந்து ஈடு கேட்பது நியாயமே. மரணம் என்பது பெருந்துயரம். ஆயினும் அத்துயரத்தின் செலவைத் தவறு செய்யாத அயலார்மேல் சுமத்துவது முறையன்று. கடனைத் தீர்த்தபின் எஞ்சுவதே பங்கு என்பது எல்லாருக்கும் பொதுவான நெறி.

ஆனால், சொத்தைத் தாண்டிக் குடும்பத்தாரின் மேல் கை வைப்பது அநியாயம். தவறு இருந்ததா என்று ஆராயாமல் பணம் கேட்பதும், துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும், கருமாதி முடியுமுன் வாசலில் வந்து சத்தமிடுவதும் அநியாயமே. கேட்கும் உரிமை உள்ளவருக்கும் கேட்கும் முறை ஒன்று உண்டு. "தங்கச்சி, உங்கள் துக்கம் பெரிது என்பதை அறிவேன். கடை உடைந்து நானும் தவிக்கிறேன். அவருடைய காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னால் இருவருக்கும் நலம்" என்று கடைக்காரர் சொல்வாரானால், "பார்க்கிறேன் அண்ணே" என்னும் பதில் வராமலா போகும்?

செய்யத்தக்கவை

குடும்பத்தார் கவனத்துக்கு:

1. வழக்கறிஞர் கடிதம் வந்தால் அஞ்சவும் வேண்டாம். அலட்சியமாகத் தூக்கி எறியவும் வேண்டாம். வந்த தேதியைக் குறித்துப் பத்திரப்படுத்துக.
2. இறந்தவரின் வாகனக் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்து, நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்கவும். கடிதத்தின் நகலையும் இணைக்கவும்.
3. "நானே கட்டிவிடுகிறேன்" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.
4. நிலமோ வீடோ இருந்தால் மாவட்ட நில அலுவலகத்திலும், 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத அசையும் சொத்து மட்டும் இருந்தால் அமானா ராயாவிலும் சொத்து நிருவாகம் குறித்து விசாரிக்கவும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் சட்ட உதவித் துறையை நாடலாம். தொழிற்சங்கக் கிளையிலும் ஆலோசனை கேட்கலாம்.

சேதமுற்றோர் கவனத்துக்கு:

1. உடனே போலிஸில் புகார் செய்து, உடைந்த பொருள்களைப் படம் பிடித்து வைக்கவும். பழுதுபார்ப்புச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்க்கவும்.
2. முதலில் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கவும். வழக்கு இறுதி வழியாகவே இருக்கட்டும்.
3. 6 மாதக் கெடுவை மறவாது, காலம் தாழ்த்தாமல் ஆலோசனை பெறவும்.

நாம் அனைவரும் நலமோடு இருக்கையில் செய்யவேண்டியது ஒன்றுண்டு. சேமநிதி நியமனப் படிவம், காப்புறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகம், நிலப்பட்டா ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, அவ்வுறை இருக்கும் இடத்தை மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ சொல்லி வைத்தல் வேண்டும்.

கலந்துரையாடலுக்கு வினாக்கள்

1. இறந்தவர் சொத்தின் மீது வழக்கு என்பதற்கும், அவர் குடும்பத்தார் மீது வழக்கு என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஓட்டுநருக்குத் திடீர் மாரடைப்பு ஏற்பட்டு நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாமா? காரணம் கூறுக.
3. 6 மாதக் கெடு யாருக்கு நன்மை பயக்கிறது? அது போதுமானது என்று கருதுகிறீர்களா?
4. உங்கள் வாகனத்தின் காப்புறுதி என்று முடிவடைகிறது? அது பிறர் பொருட்சேதத்தையும் ஏற்கிறதா? இன்றே எடுத்துப் பார்க்கவும்.